மழைக்குப் பேரு இல்லை

1974ஆம் ஆண்டு ஜூலை 6, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். மேகம் என்று சொல்ல வானத்தில் ஒன்றுமில்லை. மலேசியாவில் எங்கள் ஈப்போ நகரைச் சுற்றியிருக்கும் சுண்ணாம்புக் குன்றுகள் கண் கூசும்படி வெளுத்துக் கிடந்தன. அந்த நேரத்தில்தான் பெரியப்பாவை எங்கள் வீட்டு வாசலில் லாரியிலிருந்து இறக்கினார்கள். கட்டிலோடு இறக்கினார்கள். நான்கு பேர் பிடித்தார்கள். ஐந்தாவதாக அப்பா, எதையும் பிடிக்காமல், "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தார்.

என் வயதை ஒத்தவர்கள் இப்போது சந்தித்தால் பேசுவது இரண்டே விஷயம். யாருக்கு எத்தனை மாத்திரை, யார் வீட்டில் வயதானவரைப் பார்த்துக்கொள்ள வந்த ஆள் எத்தனை நாள் நின்றார். போன வாரம் ஒரு நண்பர் மூன்று மாதத்தில் நான்கு ஆள் மாற்றிவிட்டேன் என்று அலுத்துக்கொண்டார். "போனவர்களிடம் காரணம் கேட்டீர்களா?" என்றேன். "கேட்க என்ன இருக்கிறது, சோம்பேறித்தனம்தான்" என்றார். காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். அவருக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. பெரியப்பா அப்பாவுக்குப் பத்தொன்பது வயது மூத்தவர். பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இருபத்தாறு வருடம் பெரிய மண்டோராக, அதாவது தலைமைக் கங்காணியாக, இருந்தவர். பிள்ளை இல்லை, மனைவி போய்ப் பல காலம். அப்பாவைப் படிக்க வைத்து, லாரிக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலைக்குப் போகும் அளவுக்கு ஆக்கியது அவருடைய சம்பளம்தான். அதனால் வாதம் வந்து வலது பக்கம் விழுந்ததும், அவரை முதியோர் விடுதிக்கு அனுப்பலாமா என்ற கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா சாப்பிடாமல் எழுந்துவிடுவார்.

பேச்சும் போய்விட்டது. முழுதாகப் போகவில்லை, பதினோரு வார்த்தை மிச்சமிருந்தது. நான் எண்ணினேன். தண்ணி, சோறு, வலி, வா, போ, இல்ல, போடு, மழ, பேரு, நாயி, தம்பி. கடைசி வார்த்தை அப்பாவுக்கு மட்டும். அதற்கு முந்தியது எனக்கு.

கட்டிலை முன் ஹாலில், வாசலைப் பார்த்த ஜன்னலோரம் போட்டார்கள். அப்பா விடியுமுன் ஐந்தரைக்கே கம்பெனிக்குப் போய்விடுவார், லாரிகள் கிளம்பும் நேரம் அது. அம்மா தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. நானும் அதே பள்ளிதான். பகலில் பெரியப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆள் வராவிட்டால் அம்மா வீட்டில் நிற்க வேண்டும்.

அம்மா வீட்டில் நிற்க முடியாத வருடம் அது. ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தார். பயிற்சி கிடைத்தால் நிரந்தர வேலை. அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவார், ஆகவே அதுதான் கடைசித் தடவை. தலைமை ஆசிரியர் மூன்றாம் தவணை தொடங்கும்போதே அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் சாக்குக்கட்டிப் பெட்டியோடு வாசலில் நின்று கேட்டேன்.

"டீச்சர், உங்க வீட்டுப் பாடு எனக்குத் தெரியும். ஆனா மனுப் பாரத்துல வருகைன்னு ஒரு கட்டம் இருக்கு. இந்தத் தவணையில அஞ்சு நாளுக்கு மேல லீவு போச்சுன்னா நான் பரிந்துரை எழுதித் தர முடியாது."

"அஞ்சுக்குள்ள வச்சிக்கிறேன் சார்."

முதலில் வந்த ஆள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஒன்பது நாள் நின்றார். அப்பா அவரிடம், "அண்ணனைப் பாத்துக்கம்மா, போதும்" என்று சொல்லியிருந்தார். அவரும் பார்த்துக்கொண்டார். கட்டிலுக்கு எதிரில் நாற்காலி போட்டு, காலையிலிருந்து மாலை வரை பெரியப்பாவைப் பார்த்தபடி இருந்தார். போர்வை நனைந்ததையும் பார்த்தார். பெரியப்பா இடது கையால் தம்ளரை எறிந்தபோது அது போய் விழுந்த இடத்தையும் பார்த்தார்.

இரண்டாவது ஆள் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பதினேழு நாள். நன்றாகக் குளிப்பாட்டினார், அதில் குறை சொல்ல முடியாது. காலை, மாலை இரண்டு வேளையும் நாடி பிடித்து ஒரு சின்ன நோட்டில் எண்ணை எழுதிக்கொள்வார். அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. "படிச்ச ஆளு படிச்ச ஆளுதான், ரெக்கார்டு வச்சிருக்காரு பாத்தியா" என்று அம்மாவிடம் சொன்னார். பதினேழாம் நாள் பெரியவர் அந்த நோட்டைக் கட்டிலில் மறந்து வைத்துவிட்டார். பெரியப்பாவின் நாடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நாலு நம்பர் லாட்டரிக்கு எண் எழுதி, எந்த நம்பருக்கு எவ்வளவு கட்டினார், எதில் விட்டார் என்று பக்கம் பக்கமாக இருந்தது. ஒன்றும் அடித்திருக்கவில்லை. அப்பா கேட்டதற்கு, "ஓங்க அண்ணன் நாடிக்கு ராசி இல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவதாக, ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை வந்தவர் தோட்டத்து அக்கா. பெரியப்பாவின் தோட்டத்திலேயே அவருக்குக் கீழே பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, ஈப்போவிலேயே புந்தோங்கில் மகள் வீட்டில் இருந்தார். நாளுக்கு இரண்டரை வெள்ளி கூலி, மத்தியானச் சோறு.

வரும்போது கையோடு இரண்டு ரப்பர் ஷீட் கொண்டுவந்தார், புகைக்கூண்டில் போட்டு எடுத்த பழுப்பு ஷீட். பெரியப்பாவின் விரிப்புக்கு அடியில் அதைப் போட்டதும் மெத்தை நனைவது நின்றது. ஹாலுக்குள் நுழைந்தாலே புகையும் ரப்பரும் கலந்த வாசம். எனக்குத் தலை வலிக்கும். பெரியப்பாவுக்கோ, பல நாளுக்குப் பிறகு தூக்கம் வந்தது.

அக்காவின் வேலை முறை வேறு. காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வருவார். நேரே கதவுக்கு வரமாட்டார். முதலில் வெளியே ஜன்னலுக்கு எதிரில் நிற்பார், தலைத்துணியை இறக்கிவிட்டு, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு. "மண்டோரய்யா" என்பார். பெரியப்பா திரும்பிப் பார்த்து முகவாயை உயர்த்தி, "போடு" என்பார். அதற்குப் பிறகுதான் சுற்றி வந்து கதவைத் தட்டுவார்.

தோட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடியுமுன் எல்லாரும் திடலில் வரிசையாக நிற்பதற்குப் பெரட்டு என்று பெயர். வந்தவர்களின் பெயரை மண்டோர் குறித்துக்கொள்வார். ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேரு, அதற்குத்தான் கூலி. மழை பெய்தால் மரம் நனைந்திருக்கும், வெட்ட முடியாது. அன்றைக்குப் பேரு இல்லை, போகலாம் என்று மண்டோர் சொன்னால் திரும்பிப் போக வேண்டியதுதான். அக்கா ஜன்னலில் நிற்பதை நாங்கள் பழைய மரியாதை என்று நினைத்தோம். அப்பாவுக்கு அதில் பெருமைகூட. "இன்னும் அண்ணனுக்குப் பெரட்டு நடக்குது பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் வீட்டில் இன்னொரு பழைய மரியாதையும் இருந்தது. கணவனுடைய அண்ணனிடம் அம்மா நேருக்கு நேர் பேசமாட்டார். அவருடைய மலத்தை அள்ளுவார், முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவார், பேசமாட்டார். பேச வேண்டியதெல்லாம் என் வழியாக. "பெரியப்பாவுக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்பார், பெரியப்பாவின் காதுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு. நான், "பெரியப்பா, காப்பி வேணுமா?" என்பேன். "நாயி" என்பார். கேட்டது அம்மா, வசவு எனக்கு.

பிறகு மழைக்காலம் வந்தது. செப்டம்பர் 10, விடியற்காலையில் தகரக் கூரை அதிரும்படி பெய்தது. அக்கா வரவில்லை. ஏழு மணிவரை பார்த்துவிட்டு அம்மா பள்ளிக்கூடத்துச் சேலையை அவிழ்த்து வைத்தார். நான் தனியாகப் பஸ் ஏறினேன். மறுநாள் மாலை அப்பா சீக்கிரம் வந்து அக்காவைக் கேட்டார்.

"நேத்து ஏங்க்கா வரல?"

"நேத்து மழ பேஞ்சிச்சே தம்பி."

"பேஞ்சா?"

"மழைக்குப் பேரு இல்லீங்களே."

"இது தோட்டம் இல்லக்கா, டவுனு. மழையோ வெயிலோ, ஆளு வரணும்லா."

"பேரு குடுத்தா நான் நிக்க மாட்டேன்னா சொல்றேன்?"

"காசு குடுக்கத்தானே போறேன்! யாரு இல்லன்னா?"

அக்கா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி தம்பி, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அப்பா அம்மாவிடம், "இந்தத் தோட்டத்துப் புத்தி எத்தனை வருஷமானாலும் போகாது" என்றார். தானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர் என்பது அப்போது அவருக்கு நினைவில்லை.

செப்டம்பர் 19 மழை. அக்டோபர் 1 மழை. ஒவ்வொரு மழைக்கும் அக்கா வரவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அம்மா நின்றார். ஒவ்வொரு மறுநாளும் அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டார், அதே பதில் வந்தது. அப்பா ஒரு குடை வாங்கிக் கொடுத்தார். வராத நாளுக்கு இரண்டரை வெள்ளி பிடித்தார். அக்கா எதற்கும் முகம் சுளிக்கவில்லை. பிடித்தது போக மிச்சத்தைச் சரி என்றே வாங்கிக்கொண்டார், அதுதான் அப்பாவுக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது.

அக்டோபர் 4, நான்காவது மழை. பள்ளிக்கூடம் புறப்படும்போது ஜன்னலுக்கு வெளியே, கூரை இறக்கத்துக்குக் கீழே, சிமெந்துத் தரையில் சேற்றுக் கால் தடங்களைப் பார்த்தேன். வெறுங்கால். எட்டு வந்திருந்தன, எட்டுப் போயிருந்தன. பேப்பர் போடுகிறவர் காலில் சப்பாத்து மாட்டித்தான் வருவார் என்பது எனக்குத் தெரியும். எண்ணினேன், பஸ்ஸுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றினால்தானே.

அக்டோபர் 14, ஐந்தாவது மழை. அம்மாவின் ஐந்து நாளும் தீர்ந்தது. அன்றிரவு அப்பாவும் அம்மாவும் பேசியது மூன்றே வாக்கியம்.

"வேற ஆளு பாக்கறேன்."

"எங்க பாப்பீங்க?"

"மழ வராம இருந்தாப் போதும்."

லாரிக் கம்பெனியில் நாற்பத்தோரு லாரிக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர் வீட்டு நிர்வாகத்துக்கு வைத்திருந்த திட்டம் அதுதான்.

அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கே பிடித்துக்கொண்டது. அம்மா பின்கட்டில் சேலை கட்டிக்கொண்டிருந்தார். கட்டும்போதே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் பெரியப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். வெள்ளைச் சப்பாத்துக்கு முதல்நாள் வெள்ளை அடித்து, காற்றாடட்டும் என்று அங்கே தள்ளியிருந்தேன். ஒன்று சுவரோரம் போய்விட்டது. அதை எட்டிக்கொண்டிருக்கும்போது, மழையால் அரை மணி தாமதமாக, ஜன்னலில் குரல் கேட்டது.

"மண்டோரய்யா."

தலைக்கு மேல் கட்டில் கிரீச்சிட்டது.

"மழ" என்றார் பெரியப்பா.

"ஆமாங்கய்யா. நல்ல மழ."

"பேரு இல்ல. போ."

"சரிங்கய்யா."

தண்ணீரில் கால் வைத்துப் போகும் சத்தம். நான் எழுந்த வேகத்தில் கட்டில் சட்டத்தில் தலை இடித்தது. "அம்மா! அக்கா வந்துட்டுப் போறாங்க! பெரியப்பா போவச் சொல்லிட்டாரு!"

அம்மா பாதி கொசுவத்தைக் கையில் பிடித்தபடி, செருப்பில்லாமல் மழைக்குள் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். சீனர் மளிகைக் கடை முனையில் அக்காவைப் பிடித்தோம். அப்பா வாங்கிக் கொடுத்த குடையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்துகொண்டிருந்தார்.

"அக்கா! எங்க போறீங்க?"

"வீட்டுக்குத்தான் டீச்சர். இன்னிக்குப் பேரு இல்லையே."

"அப்ப போன வாரம்?"

"வந்தேனே. அன்னிக்கும் இல்லன்னுட்டாங்க. எல்லா மழைக்கும் வந்தேன் டீச்சர். மழைன்னு வீட்டுல படுத்துக்கிட்டா மானம் போயிரும்லா. பெரட்டுக்கு வந்து நின்னுட்டுத்தான் திரும்பணும்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாக்கா?"

"மண்டோரு போன்னு சொன்னப்பறம் பின்னால போயி கிராணிகிட்ட நின்னா, அவரு மொகத்த எங்க வச்சிக்குவாரு?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதார், மழையில் எது எவ்வளவு என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் ஒன்று அப்போதே உறைத்தது. ஐந்து தடவையும் அப்பா, ஏன் வரவில்லை என்றுதான் கேட்டார். வந்தீர்களா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஆனால் அக்கா உள்ளே வரமாட்டேன் என்றார். ஜன்னலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். "அவரு சொல்லட்டும் டீச்சர். சொல்லாம உள்ள வந்தா அது திருட்டுப் பேரு." கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு ஐம்பது. பள்ளிக்கூடத்துப் பஸ் ஏழு ஐந்துக்கு.

அம்மா என்னைப் பார்த்தார். நான் கட்டிலருகே போய், சொல்லச் சொல்வதைச் சொல்வதற்குத் தயாராக வாயைத் திறந்தேன். அம்மா என்னைத் தோளில் பிடித்து ஓரமாக நகர்த்தினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பெரியப்பாவின் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"மாமா."

பெரியப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். நானும்தான்.

"மாமா, இங்க மரம் இல்ல. வெட்டும் இல்ல. இவங்க ஒங்களப் பாக்க வாராங்க. மழ பேஞ்சா ஒங்களுக்குப் பசிக்காதா? ஒங்க விரிப்பு நனையாதா? நீங்க இவங்களப் போகச் சொன்னா நான் நிக்கணும். நான் நின்னா என் வேல போயிரும். ஒங்க தம்பியப் படிக்க வச்சீங்களே, அதுமாதிரி இதுவும் படிப்புத்தான் மாமா. மழைக்கும் பேரு போடுங்க."

பெரியப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே அக்காவும் நகரவில்லை. ஏழு ஐந்துக்குப் பஸ் முனையில் ஹாரன் அடித்துத் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. ஏழு எட்டுக்கு அவர் தலையைத் திருப்பினார். ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே அக்காவை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நனஞ்சி..." என்றார்.

அது பட்டியலில் இல்லாத வார்த்தை. பன்னிரண்டாவது.

"ஆமாங்கய்யா, நனஞ்சிதான் போச்சி."

"போடு" என்றார். "பேரு போடு."

அடுத்த பஸ் ஏழரைக்கு. பள்ளிக்கூட வாசலில் நாங்கள் இறங்கியபோது ஏழு ஐம்பத்திரண்டு. ஏழே முக்காலுக்கு ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுவிடுவார்கள்.

"ஏழு நிமிஷம்தான் சார்" என்றார் அம்மா.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர், அதுதான் தொல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார். "கோட்டுக்குக் கீழ எழுதினா அரை நாளு டீச்சர். அஞ்சரை ஆயிருச்சு. நான் என்ன செய்ய? இன்ஸ்பெக்டர் வந்து நோட்டத்தான் பாப்பாரு, ஒங்கள இல்ல."

மாலையில் அம்மா எல்லாவற்றையும் அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"அண்ணன்கிட்ட நேராவா பேசின?"

அம்மா எழுந்தார். உள்ளே போய்ச் சோற்றுப் பானையைக் கவிழ்த்து வடிய வைத்தார். அரை மணி நேரம் கழித்து அப்பா கூலிக் கணக்கு நோட்டைத் திறந்து, அக்காவிடம் பிடித்த ஐந்து நாள் கூலியையும் எடுத்து வைத்தார். மறுநாள் அக்கா அதைத் தொடவில்லை. "வேல செய்யாத நாளுக்குக் காசு எதுக்கு தம்பி? மண்டோரு பேரு போடலையே" என்றார். அப்பா அந்தப் பணத்தைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் அதை வைத்துக்கொண்ட வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா பிறகு பதினேழு மாதம் இருந்தார், பெரியப்பா போகும்வரை. மழை பெய்தால் ஜன்னலில் நின்று, "மழதான், ஆனா பேரு உண்டுங்கய்யா" என்பார். "போடு" என்பார் அவர். ஒரு நாளும் தவறவில்லை. ஆளைப் பற்றி நாங்கள் பட்ட கவலையெல்லாம் அத்தோடு தீர்ந்தது. தேவைப்பட்ட நேரத்துக்கு ஏழு நிமிடம் கழித்துத் தீர்ந்தது.

டிசம்பரில் கடிதம் வந்தது. பரிந்துரை இல்லாததால் மனு ஏற்கப்படவில்லை. அம்மா தற்காலிக ஆசிரியையாகவே இருந்தார், 1983 முடிவில் அந்த இடமும் இல்லை என்று சொல்லும்வரை. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மா பெரியப்பாவிடம் மட்டும் அதன் பிறகு நேராகவே பேசினார். காப்பி வேண்டுமா என்று அவரே கேட்டார். எனக்கு அந்த வேலை போயிற்று.

1984 ஜனவரியில் எனக்கு இருபது வயது. இரும்புக் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வேலையில்லாமல் வீட்டில் இருந்த முதல் வாரம், எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஒரு தாள் எடுத்தேன். மூன்று வருடப் பயிற்சி முடித்திருந்தால் 1978 தொடக்கத்திலிருந்து நிரந்தரச் சம்பளம் முந்நூற்றுத் தொண்ணூறு. அவர் வாங்கியது இருநூற்று ஐம்பது. வித்தியாசம் மாதம் நூற்று நாற்பது, எழுபத்திரண்டு மாதம். பத்தாயிரத்து எண்பது வெள்ளி. அடியில் இரண்டு கோடு போட்டு, அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்த மேசையில் வைத்தேன்.

திட்டுவார் என்று நின்றேன். அப்பா தாளை எடுத்து, லாரிக் கணக்குப் பார்ப்பதுபோல் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"தப்பு."

"எது தப்பு?"

"டிசம்பர் மாசம் ஒங்கம்மாவுக்குச் சம்பளமே கெடையாது. தற்காலிகத்துக்கு வருஷக் கடைசி லீவுல காசு இல்ல. அத நீ சேக்கல."

நான் போட்ட இரண்டு கோட்டையும் அடித்தார். ஆறு டிசம்பர், ஒவ்வொன்றுக்கும் இருநூற்று ஐம்பது, ஆயிரத்து ஐந்நூறு என்று தன் கிராணிக் கையெழுத்தில் எழுதிக் கூட்டினார். ஒரு தடவை சரிபார்த்தார். கீழே தேதி போட்டு, சம்பள நோட்டில் பணம் பெற்றுக்கொண்டவர் இடும் இடத்தில் இடுவதுபோல், தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார்.

பதினோராயிரத்து ஐந்நூற்று எண்பது வெள்ளி.